கப்பு மாமாவின் மூக்குப் பெட்டி

மே 11

தம்பிக்கு,

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அப்பா வாசலுக்கு வெளியிலேயே நின்று ஒரு கேள்வி கேட்பாரே, நினைவிருக்கிறதா? "நாறுதா?" என்பார். நாம் இரண்டு பேரும் உள்ளேயிருந்து "நாறுதுப்பா" என்று கத்துவோம். கத்திய பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். நான் ஆயுசு முழுக்க வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பிழைத்தவள். ஒரு பதிலை அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஆளை அவருக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் உன் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தேன். விடுமுறைக்கு எங்காவது போக வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்தாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மற்ற ஜனங்களைப் போல வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். நீ ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருப்பதாகக் கவுன்டரில் இருந்த பெண் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. போனில் பேசினால் நீ குறுக்கே விழுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

விடைத்தாள் திருத்தும்போது சரியானதற்கு முதலில் மதிப்பெண் போடுவது என் வழக்கம். அதனால் முதலில் அதைப் போட்டுவிடுகிறேன். பழைய துறைமுகத்துக் கல் கிடங்குகளை இடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறீர்கள். கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடித்திருக்கிறீர்கள். முற்றத்தில் கிடக்கும் பெரிய நங்கூரத்தின் மேல் பிள்ளைகள் ஏறலாம், யாரும் அதட்டுவதில்லை. சுக்கானைத் திருப்பினால் எதிர்ச் சுவரில் கடல் சாய்கிறது. பேத்தி அதைத் திருப்பித் திருப்பி எனக்கே தலை சுற்றியது. முடிச்சுப் போடும் மேஜையில் என் மகள் பத்து வயசுப் பெண் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். இதெல்லாம் நன்றாகவே இருந்தது.

பிறகு படியிறங்கி "கப்பலின் அடிவயிறு" என்ற இடத்துக்குப் போனோம்.

தரை காலில் ஒட்டியது. எந்தப் பிள்ளையோ கொட்டிய ஐஸ்கிரீம், அதன் மேல் நூறு கால்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மைப் படம். கிழிந்த கோட்டு, தொங்கும் மீசை, தலையைச் சுற்றிக் கம்பியில் ஆடும் ரப்பர் ஈக்கள். பெயர் கப்பு மாமா. அவருடைய அக்குளில், சுவருக்குள் பதித்த ஒரு பெட்டியின் துவாரம். பிள்ளைகள் அதில் மூக்கை வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். உள்ளேயிருந்து நாற்றம் வருமாம். "சீ" என்று கத்த வேண்டுமாம். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறார்களோ அவ்வளவு உயரத்துக்குப் பக்கத்தில் விளக்கு ஏறும். உச்சிக்குப் போய்ச் சிவப்பு எரிந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர்: "நான் தாங்கினேன்". என் பேத்தி சிவப்பு வரைக்கும் கத்தினாள். அந்த ஸ்டிக்கரோடுதான் ஊர் வந்து சேர்ந்தாள்.

பக்கத்திலேயே கண்ணாடிக்குள், அப்பா கப்பல் டேங்க் கழுவப் போட்டுக்கொண்டு போன கோட்டு. காலரில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். அட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "இந்த நிஜக் கோட்டிலிருந்து எடுத்த நிஜ நாற்றம்."

நானும் மூக்கை வைத்தேன், தம்பி. துரு, புளித்த எண்ணெய், ஈரச் சாக்கு, அதற்கும் அடியில் அந்த முட்டை அழுகின வாடை. அப்பா வாசலில் வந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கத்தாததால் விளக்கு ஏறவில்லை. உடனே ஸ்பீக்கரில் கப்பு மாமா கோமாளிக் குரலில், "என்னாச்சு? மூக்கு அடைச்சிருக்கா? இன்னொரு தடவை முகர்ந்து பாருங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெளியே போகும் வழியிலுள்ள கடையில் "அடித்தண்ணீர் மிட்டாய்" என்று பச்சையாக ஏதோ கொழகொழவென்று விற்கிறார்கள். பிள்ளைகள் அதை நாக்கில் தொங்கவிட்டு ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். எனக்குக் குமட்டியது. மிட்டாயைப் பார்த்து இல்லை.

கோட்டைக் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறேன், கப்பல் தலைவனின் உடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன் என்று சொல்லித்தானே என் பெட்டியிலிருந்து வாங்கிக்கொண்டு போனாய்? அதை எனக்குத் திருப்பிக் கொடு. அந்தக் கப்பு மாமா பெட்டியையும் அங்கேயிருந்து எடுத்துவிடு.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

மதிப்பெண் போட்டதற்கு நன்றி. சிவப்பு மையும் தாராளமாகவே செலவாகியிருக்கிறது.

நான் வருவதற்கு முன் இந்தக் கட்டடத்துக்குள் என்ன இருந்தது தெரியுமா? தளபதியின் மூக்குப்பொடி டப்பா. தளபதியின் மனைவியின் தேக்கரண்டி. பளபளவென்று தேய்த்த பித்தளை மணிகள், பித்தளைத் தொலைநோக்கிகள், பித்தளை பித்தளையாக இன்னும் என்னென்னவோ. எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயரே பித்தளை சார். கப்பல்கள் தங்களைத் தாங்களே கழுவிக்கொண்டன என்றுதான் இங்கே வருகிற எவனும் நினைத்துக்கொண்டு போவான். டேங்க் கழுவியவர்களுக்கு ஓர் அறை வேண்டும் என்று நான் கேட்டபோது பித்தளை சார் என்ன கேட்டார் தெரியுமா? "அந்த ஆளுங்க வைக்கிறதுக்கு என்னய்யா விட்டுட்டுப் போனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். போட்டோ இல்லை, பதக்கம் இல்லை. சுரண்டியும் வாளியும் துறைமுகத்துக்குச் சொந்தம். அவர்கள் விட்டுப்போனது நாற்றம் ஒன்றுதான். அதையே வைத்தேன். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி செய்தால்தான் இடம் தருவேன் என்றார். செய்தேன். இன்றைக்கு இந்தக் கட்டடத்திலேயே ஜனங்கள் அதிக நேரம் நிற்கிற இடம் அதுதான். தேக்கரண்டிக்கு முன்னால் ஒரு ஈ கூட நிற்பதில்லை.

உனக்கு அருவருப்பாக இருந்ததா? நீ பயிற்சிப் பள்ளி விடுதிக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. நீ போன பிறகு அந்த வீட்டில் நான்தான் இருந்தேன். என் சட்டை அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். வகுப்பில் என் பெஞ்சில் நான் ஒருவன்தான். எனக்கு "டேங்கி" என்று பெயர். பஸ்ஸில் அப்பா ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கவேண்டிய இடம் சட்டென்று வந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரோ ஒருவர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். எனக்கு அருவருப்பு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அக்கா, நான் அதிலேயே வளர்ந்தவன். உனக்கு அது தூரத்திலிருந்து நினைத்துக்கொள்கிற விஷயம். நீ அதை அத்தர் ஆக்கிவிட்டாய். கோட்டைப் பாலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வைத்து வருஷத்துக்கு ஒருதடவை திறந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாய்.

இந்தப் பிள்ளைகளாவது வாயைத் திறந்து கத்துகிறார்கள். என் வகுப்பில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோட்டு இப்போது எங்கள் சேகரிப்பில் இருக்கிறது. தர முடியாது.

தம்பி

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பெஞ்ச் விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை. போன கடிதத்தில் "அன்புள்ள" போடாமல் விட்டேன், இதில் போட்டுவிட்டேன். ஆனால் என் கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நீ அப்பாவின் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது விளையாட்டு என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு அம்மா சொன்னாள். உனக்கு யாரும் சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குகிறேன். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் சாக்கடை ஓரமாக ஒரு வகுப்பறை. காலையில் உள்ளே போனதும் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். இரண்டாவது பீரியடில் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். சாக்கடை எங்கேயும் போய்விடவில்லை. மூக்குக்கு அலுத்துவிடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. கப்பல் டேங்குக்குள் நடப்பது இதைவிட மோசம். அடியில் தேங்கியிருக்கும் கசடைக் கிளறினால் ஒரு வாயு வரும். கொஞ்சமாக இருக்கும்வரை முட்டை அழுகின வாடை அடிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கையே அது மரக்க வைத்துவிடும். வாடை நின்றுபோகும். உள்ளே இருப்பவன், அப்பாடா, காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைப்பான். அப்புறம் விழுவான்.

அதனால் அப்பாவின் கும்பலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் மேலே துவாரத்தின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை கீழே பார்த்து "நாறுதா?" என்று கேட்பார். கீழே இருப்பவர் "நாறுது" என்றால் வேலை நடக்கும். "இல்லை" என்றால் அந்த நிமிஷமே ஏறிவிட வேண்டும், வாளியைக்கூட விட்டுவிட்டு. நாறுகிற வரைக்கும்தான் உயிர். நம்மைத் தவிர உலகத்தில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு கணக்கு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டில் சிரிப்பு மாமா இருந்தாரே, நீ அப்போது கைக்குழந்தை. அவர் ஒருநாள் நல்ல சளியோடு டேங்கில் இறங்கினார். சளிக்காக யார் வீட்டில் உட்காருவார்கள்? அன்றைக்கு மேலே நின்று கேட்டவர் நம் அப்பா. "நாறுதா?" என்று கேட்டார். "நாறுது, உன்ன மாதிரியே" என்று கீழேயிருந்து பதில் வந்தது. எப்போதும் சொல்கிற அதே நக்கல்தான். அடுத்த தடவையும் அதே பதில். அவருக்கு ஒன்றும் நாறவில்லை தம்பி. மூக்கு அடைத்திருந்தது. கேள்வி வந்ததும் வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவது தடவை கேட்டபோது நக்கலும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பா நம் வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன் வீட்டில் அவர் கேட்டதே இல்லை என்றாள் அம்மா. சளி பிடித்திருந்தால் நீ பதில் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தாரே, ஞாபகம் வருகிறதா? ஒருதடவை அதற்காகத் தரையில் புரண்டு அழுதாய். உன்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று நினைத்தாய். அது ஆட்டமே இல்லை.

இப்போது சொல், அந்த வாடையை அக்குளில் வைத்து, ஈ பறக்கவிட்டு, ஸ்டிக்கர் கொடுக்கலாமா? தேக்கரண்டியைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள் அதற்கு ரப்பர் ஈ கட்டவில்லையே.

ஒன்றே ஒன்று செய். நீ செய்த பெட்டி என்பதை மறந்துவிட்டு, டிக்கெட் வாங்கிய ஆள் மாதிரி வரிசையில் நின்று மூக்கை வைத்துப் பார். அதன் பிறகு எனக்கு எழுது. கோட்டையும் அனுப்பு.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

சிரிப்பு மாமா நெஞ்சு அடைத்துப் போனார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். இரண்டு நாளாக வேலை ஓடவில்லை.

பித்தளை சாரிடம் கோட்டைக் கேட்டேன். முடியாது என்றார். பெட்டியும் கோட்டும் ஜோடி, பிரித்தால் எடுபடாது என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கோட்டு திரும்பி வந்தாலும் உனக்கு வேண்டியது அதில் இருக்காது. எந்தத் துணியும் கண்ணாடிக்குள் போவதற்கு முன் மருந்துப் புகை போட்டுச் சுத்தம் செய்தாக வேண்டும். பூச்சி வராமல் இருப்பதற்காக. இங்கே அது சட்டம். காலர் துண்டை அதற்கு முன்பே வெட்டி, வாசனை தயாரிக்கிற லேபுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது கோட்டில் மருந்து வாடை மட்டும்தான் அடிக்கிறது. அப்பாவின் வாடை மிச்சமிருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். அதையும் எடுத்துவிடச் சொல்கிறாயா?

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்பா வேலையைவிட்டு நின்ற பிறகும் அந்தக் கோட்டைத் துவைக்க அம்மாவை விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி டெட்டால் மணக்கப் படுக்க வைத்திருந்தபோது, "என்னமோ நான் செத்துட்ட மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது நீ கோட்டையும் அப்படியே படுக்க வைத்துவிட்டாய்.

நான் சொன்னதைச் செய்தாயா இல்லையா? வரிசையில் நின்றாயா? சுத்தம், சட்டம், ஜோடி என்று மூன்று வார்த்தை எழுதத் தெரிந்தவனுக்கு இதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை.

அக்கா

ஜூன் 17

அக்கா,

நின்றேன்.

சனிக்கிழமை. எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பன் தோளில் ஒன்று, கையில் ஒன்று. தோளில் இருந்தது மூக்கை வைப்பதற்கு முன்பே "சீ" என்று கத்திவிட்டது. விளக்கு சிவப்புக்கு ஏறியது, ஸ்டிக்கர் விழுந்தது. கையில் இருந்ததும் அப்படியே. என் முறை வந்தது. பொத்தானை அமுக்கினேன். முகத்தில் காற்று அடித்தது. வெறும் காற்று. மறுபடியும் அமுக்கினேன். ஒன்றுமே இல்லை. "மூக்கு அடைச்சிருக்கா?" என்றார் கப்பு மாமா. அந்தக் கோமாளிக் குரல் என்னுடையதுதான் அக்கா. நானே பேசிப் பதிவு செய்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. உன் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. வாடை நின்றுவிட்டால் ஏறிவிட வேண்டும். இந்தப் பெட்டியோடு மாசக்கணக்காகப் புழங்கி என் மூக்கு செத்துவிட்டது என்று நினைத்தேன். கவுன்டர் பெண்ணைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவள் மூக்கை வைத்த வேகத்தில், "ஐயய்யோ சார், குமட்டுது" என்றாள். நிஜமாகவா என்று கேட்டேன். திரும்ப வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "இல்ல சார், ஒண்ணும் வரல. குமட்டும்னு நெனச்சு சொல்லிட்டேன்" என்றாள்.

டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பின்பக்கக் கதவைத் திறக்க வைத்தேன். விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்னால் பெட்டியைக் கழுவுவதற்காக வாசனை வரும் குழாயைக் கழற்றியிருக்கிறார். கழுவியிருக்கிறார், துடைத்திருக்கிறார், திருப்பி மாட்டவில்லை. புது வாசனைப் பாட்டில் சீல்கூட உடைக்காமல் பக்கத்து அலமாரியில் இருந்தது. விடுமுறை முழுக்க அந்தப் பெட்டி ஃபேன் காற்றை ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை பிள்ளைகளும் ஃபேன் காற்றைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறார்கள். தினமும் காலையில் பெட்டியைச் சரிபார்க்கிறவன் நான்தான். பொத்தானை அமுக்குவேன், காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பேன், போய்விடுவேன்.

பித்தளை சாரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார், அந்தச் சாக்கில் பெட்டியை எடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் மேஜையில் தட்டிச் சிரித்தார். "அப்ப குழாய மாட்டவே மாட்டாதய்யா. நாறாமலே கத்துறாங்கன்னா நமக்கென்ன? இனிமே பாட்டிலே வேண்டாம்" என்றார். அவர் மேஜையில் அடித்தண்ணீர் மிட்டாய்ப் பாக்கெட் பிரித்துக் கிடந்தது. பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து மென்றார். பல்லெல்லாம் பச்சை. எனக்கு உண்மையிலேயே வாந்தி வந்துவிடும் போல இருந்தது. அவரைப் பார்த்து மட்டும் இல்லை. அந்த மிட்டாய்க்குப் பெயர் வைத்தவனும் நான்தான்.

கீழே வந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கிப் பெட்டியைக் கழற்றினேன். ஈக்களைக் கழற்றினேன். மீசையைச் சுரண்ட நகம் போதவில்லை, தகடு வாங்கிச் சுரண்டினேன். அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். சிவப்பு வரைக்கும் ஏறியிருக்கும். கடைசியில், "பெட்டி இல்லாம அந்தக் கந்தல் எதுக்கு? அதையும் தூக்கிட்டுப் போ" என்றார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. வேலை இருக்கிறதா இல்லையா என்று திங்கட்கிழமை தெரியும்.

பாட்டிலையும் எடுத்துவந்துவிட்டேன். சீலோடு இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வருவதை எப்படி எழுதினாலும் உனக்கு வலிக்கும். நீ வந்தது விடுமுறையின் நடுவில். அப்போது குழாய் மாட்டியிருக்கவில்லை. துரு, புளித்த எண்ணெய், ஈரச் சாக்கு என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ முகர்ந்ததும் ஃபேன் காற்றுதான் அக்கா.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. லேபிலிருந்து முதல் பாட்டில் வந்தபோது போனில் "சரியா இருக்கா?" என்று கேட்டார்கள். மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து ஒருதடவை ஆட்டிவிட்டு "இருக்கு" என்றேன். முகரவில்லை. முகர பயமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் இந்தப் பாட்டிலில் இருப்பது அப்பாதானா என்று அவரைத் தெரிந்த ஒருத்தரும் இதுவரை முகர்ந்து பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. காலர் துண்டையும் அவர்கள் திருப்பித் தரவில்லை.

மேஜையில் எனக்கு எதிரே இருக்கிறது. திறக்க முடியவில்லை. திறந்து, அது வேறு ஏதோ நாற்றமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த மாமா பெட்டியில் உனக்கு என்ன நாறியது என்று கேட்டேன். ஒன்றும் நாறவில்லை என்றாள். பிறகு ஏன் அப்படிக் கத்தினாய் என்றேன். "கத்துன்னு போட்டிருந்துச்சு பாட்டி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம் நீங்க மூக்க வச்சு அழுதீங்களா, சரி, நாறத்தான் செய்யும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

ஸ்டிக்கர் இன்னமும் அவளுடைய அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. "நான் தாங்கினேன்." நகத்தால் பிய்த்துப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பசை விரலில் பிசுபிசுத்தது.

உனக்கு அந்த மிட்டாயைப் பார்த்து வந்த குமட்டல் எனக்கு என்னைப் பார்த்தே வந்தது. கோட்டைக் கண்டதும் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாடம் எழுதி வைத்திருந்ததைக் கரும்பலகையைப் பார்க்காமலே ஒப்பித்த பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டேன். துரு, எண்ணெய், சாக்கு. வரிசைகூட மாறவில்லை. இப்படி ஒரு விடைத்தாள் கிடைத்தால் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருப்பேன். உனக்கு நாலு பக்கம் அறிவுரை எழுதியவள், சளி பிடித்த சிரிப்பு மாமா சொன்ன பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். பித்தளை சாரின் பச்சைப் பல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாறவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஆள் கத்தவிடச் சொன்னார். தெரிந்ததும் நீ கழற்றினாய். அப்பா பாஷையில் சொன்னால், நீ வாளியை விட்டுவிட்டு ஏறிவிட்டாய். திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று எழுது. வேலை போயிருந்தால் இங்கே வா. வீட்டில் அறை இருக்கிறது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆளும் இருக்கிறது.

பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். தனியாகத் திறக்காதே. எனக்கும் பயம்தான். அது அப்பா இல்லை என்றால் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். அந்த "இல்லை"யைச் சொல்லத் தெரியாததால்தான் சிரிப்பு மாமா போனார். அன்றைக்கு அதைக் கேட்க முடியாமல் போன அப்பா தினமும் நம் வாசலில் வந்து நின்றார். கோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வா. உள்ளே கொண்டுவராதே. வாசலுக்கு வெளியிலேயே நின்று மூடியைத் திறந்து, அவர் கேட்ட மாதிரியே கேள். நான் உள்ளே நிற்கிறேன். இந்தத் தடவை உடனே கத்த மாட்டேன். கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள். பேத்தியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன். அவளுக்கு இப்போது சளி இல்லை.

நீ வருவதற்குள் உனக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். நாளைக் காலையில் வீட்டைவிட்டு வெளியே போய், காற்றாடக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வா. கதவைத் திறந்ததும் யாரோடும் பேசாமல் முதல் மூச்சை மூக்கால் மெதுவாக இழு. என்ன தெரிகிறதோ, அதை மட்டும் வாய்விட்டுச் சொல்.

அக்கா